நீப்பி விழுங்கிய பாதிரி

— பாதிரியை முழுங்கி எவ்வளவு நேரம் இருக்கும்?

— ஒரு மணி நேரம். கேள்வி கேக்காம நாயைப் பாரு.

— கேக்காம எப்படிப் பாக்கிறது, கெடிஸ் ஐயா? நீப்பிக்குப் பேசத் தெரிஞ்சா உங்களைத் தொந்தரவே பண்ண மாட்டேன்.

— அவளுக்குப் பேசத் தெரிஞ்சிருந்தா, மன்ரோ குடும்பத்துக்கிட்ட மட்டும் வாயைத் திறக்காதேன்னு முதல்ல பழக்கியிருப்பேன்.

— ஆர்ச்சி! இது சண்டை போடுற இடமா? டாக்டர் தம்பி, இந்த மனுஷனைக் கண்டுக்காதீங்க. நான் சொல்றேன், கேளுங்க. காலைல ஓட்ஸ் கஞ்சி காய்ச்சி இறக்கிட்டு, ‘ஆறுது, வா’ன்னு கூப்பிட்டேன். மூணாவது தடவைக்குத்தான் இவர் ஈ கட்டுற மேஜையை விட்டு எழுந்து வந்தார். கஞ்சியில உப்பு கம்மின்னு ஒரு பாட்டம். திரும்பிப் போய்ப் பாத்தா, கோழிக் கூட்டுல நரி புகுந்த மாதிரி மேஜையெல்லாம் இறகு. ஈயைக் காணோம். நீப்பி வாயில மயில் இறகு தொங்குது.

— பாதிரின்னா அந்தக் ‘கோபக்காரப் பாதிரி’தானே? சால்மன் மீனுக்குன்னு ஐயா இறகும் நூலும் வச்சுக் கட்டுற தூண்டில் ஈ?

— பின்ன? நம்ம கோயில் பாதிரியை முழுங்கணும்னா முதலைதான் வேணும். அந்தாளு எடை என்ன, இவ எடை என்ன!

— எடைன்னு சொன்னதும்தான் பாக்கிறேன். போன தடவைக்கு இப்ப ஒரு கிலோ குறைஞ்சிருக்கா. சாப்பிடுறாளா?

— தட்டை மோந்து பாத்துட்டுப் போயிடுறா. நவம்பர்லேருந்தே இப்படித்தான், தம்பி.

— சோம்பேறி. வேற ஒண்ணுமில்ல. இவ அம்மா மெக் எப்படி இருந்தா! முயல், எலி, பாதிரி வீட்டுப் பூனை, எதையும் விட்டதில்ல. இது அப்பனைக் கொண்டு பிறந்திருக்கு. நிறமும் அப்பன் நிறம், புத்தியும் அப்பன் புத்தி.

— மெக்கை இதே மேஜையிலதான் நான் ஊசி போட்டுக் கடைசியாத் தூங்க வச்சேன். இவளும் அன்னைக்குக் கூட வந்திருந்தா. அதான் இப்படி நடுங்குறா போல. பயப்படாதே, நீப்பி. வாயைக் காட்டு. சமத்து. ஐயா, உள்ளதான் கணப்பு போட்டிருக்கே, தொப்பியைக் கழட்டி வச்சுட்டு நிம்மதியா உக்காருங்களேன்.

— என் தொப்பி எங்க இருக்கணும்னு நீ சொல்ல வேண்டாம்.

— சரி. தொண்டையில ஒண்ணும் குத்தலை. அப்ப வயித்துக்குள்ள போயிருக்கணும். முள் எந்த அளவு?

— எதுக்கு?

— எதுக்கா? தூண்டில் முள் குடல்ல மாட்டுச்சுன்னா கிழிச்சிடும், ஐயா. சின்னதா பெருசா, ஒத்தையா ரெட்டையா, எதிர்முள் இருக்கா இல்லையா, தெரிஞ்சாத்தானே?

— ஈனா, பாத்தியா? ஆரம்பிச்சுட்டான். எனக்குத் தெரியும். வண்டியில வரும்போதே சொன்னேன்ல, வேற டாக்டரைப் பாப்போம்னு?

— வேற டாக்டர் இன்வெர்னெஸ்ல இருக்கார், ஆர்ச்சி. பனி கொட்டுற ரோட்டுல நீ போய்ச் சேர்றதுக்குள்ள நாய்க்குப் பேரன் பிறந்திடும்.

— ஐயா, நான் இப்ப டாக்டர்.

— இப்ப டாக்டர். பதினோராம் தேதி காலைல? பைப் வாத்தியம் ஊதி, பாலத்துக்கிட்ட ஆத்துல விஸ்கி ஊத்தி, மீன் பருவம் ஆரம்பிச்சாச்சுன்னு கத்துவாங்களே, அன்னைக்கு நீ யாரு? இடுப்பளவு பூட்ஸ் மாட்டிக்கிட்டு எனக்கு நாலு பாறை தள்ளிக் கீழ நிப்பே.

— நின்னா என்ன? முதல் மீன் உங்களுக்குத்தானே விழுது. ஒன்பது வருஷமா கோப்பை உங்க வீட்டுலதான் இருக்கு.

— அந்தக் கோப்பையில நான் வெங்காயம் போட்டு வச்சிருக்கேன், தம்பி. நல்ல ஆழம்.

— ஈனா, நீ சும்மா இரு. டேய், மன்ரோ மகனே, உங்கப்பன் என்ன பண்ணினான் தெரியுமா? எங்க வீட்டுக் குப்பைத் தொட்டியைக் கிளறினான். ஞாயித்துக்கிழமை. கோயில் முடிஞ்சு, கோட்டு டை எல்லாம் கட்டிக்கிட்டு, இடுப்புவரைக்கும் தொட்டிக்குள்ள. பாதிரியை எதை வச்சுக் கட்டுறேன்னு தெரிஞ்சுக்க, வெட்டிப் போட்ட இறகுத் துணுக்கு கிடைக்குமான்னு பாத்திருக்கான்.

— தெரியும். அம்மா அன்னைக்கு அவரை வீட்டுக்குள்ளயே விடலை. உருளைக்கிழங்குத் தோல் தலையில ஒட்டியிருந்ததாம்.

— உங்கப்பன் வந்த நாளா நான் குப்பையை அடுப்புலதான் போடுறேன்.

— அதான் எங்க வீட்டுத் துணியெல்லாம் கோழி தீஞ்ச நாத்தம்.

— ஐயா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? அப்பாவுக்கு ஒரு தடவை உங்க பாதிரி கைக்கே கிடைச்சது. ஆத்தோரம் ஆல்டர் மரக்கிளையில மாட்டி நீங்க விட்டுட்டுப் போனது. ராத்திரி பூரா பூதக்கண்ணாடி வச்சுப் பிரிச்சுப் பாத்தார். எல்லாம் தெரிஞ்சுது. நூல், சரிகை, சேவல் இறகு எல்லாம். உடம்புல சுத்தியிருந்த முடி மட்டும் எந்த மிருகத்துதுன்னு கடைசிவரைக்கும் அவரால கண்டுபிடிக்க முடியலை. நரி, முயல், ஆடு, அத்தையோட கோட்டுக் கழுத்து ரோமம்னு எல்லாத்தையும் சுத்திப் பாத்தார். ஒரு மீனும் திரும்பிப் பாக்கலை.

— ஹ! அத்தை கோட்டா?

— அத்தை அப்புறம் எங்களோட பேசவேயில்ல.

— நல்லா வேணும்.

— சிரிச்சது போதும், ரெண்டு பேரும். நாய் மேஜையில நடுங்கிக்கிட்டிருக்கு. ஆர்ச்சி, இப்பச் சொல்லு. நாயா, ரகசியமா?

— எக்ஸ்ரே எடுக்கட்டும். முள் தானா தெரிஞ்சிடும். நான் எதுக்கு வாயைத் திறக்கணும்?

— முள் தெரியும். சரிகை தெரியும். இறகும் முடியும் எக்ஸ்ரேல தெரியாது, ஐயா. வார்னிஷ், சாயம், கனத்துக்குச் சுத்துற ஈயக் கம்பி, இதெல்லாம் விஷம். என்ன உள்ள போச்சுன்னு தெரியாம நான் என்ன மருந்து கொடுக்கிறது?

— ...கதவைச் சாத்து.

— சாத்தித்தான் இருக்கு.

— தாழ் போடு. ஜன்னல்?

— பிப்ரவரி மாசத்துல ஜன்னலை எவன் திறப்பான், ஆர்ச்சி!

— பேனாவைக் கீழ வை.

— மருந்து அளவு எழுதணுமே?

— மனசுல எழுது. ரெட்டை முள். ஆறாம் நம்பர். எதிர்முள் உண்டு.

— ம்.

— என்ன ‘ம்’? இதுல ‘ம்’முக்கு என்ன இருக்கு?

— சும்மா, ஐயா. ஈயம்?

— ஈயம் கிடையாது. ஈயம் கட்டுறவன் சோம்பேறி. கறுப்புப் பட்டு நூல். தேன்மெழுகு. வெள்ளிச் சரிகை, அஞ்சு சுத்து. ஆறு இல்ல, அஞ்சு. கழுத்துக்குக் கறுப்புச் சேவல் இறகு. மயில் இறகுலேருந்து ரெண்டே ரெண்டு இழை, தலைக்கு.

— கன்னத்துல ரெண்டு வெள்ளைப் பொட்டு இருக்குமே?

— காட்டுச் சேவல். என் தாத்தா பட்டாளத்துல இருந்தப்ப இந்தியாவுல நீலகிரிங்கிற மலையிலேருந்து கொண்டுவந்த கழுத்துத் தோல். அந்தப் பறவையைப் பிடிக்கவும் கூடாது, கொண்டுவரவும் கூடாதுன்னு இப்ப தடை. மிச்சமிருக்கிற கொஞ்சத்துலேருந்து ஒரு ஜோடி இறகை இந்த ஈக்கு வச்சுக் கட்டினேன். காஞ்சிருக்கக்கூட இல்ல. அதுக்குள்ள இந்தச் சனியன்...

— திட்டாதே. பாரு, உன் கோட்டுப் பையையே மோந்துக்கிட்டு நிக்குது.

— நானும் அப்பலேருந்து பாத்துக்கிட்டிருக்கேன். எங்க திருப்பினாலும் ஐயா பாக்கெட்டுப் பக்கமே மூக்கு போகுது. பிஸ்கட் வச்சிருக்கீங்களா?

— பிஸ்கட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ வேலையைப் பாரு.

— சரி. மேஜையில வேற என்ன இருந்தது? வேற எதையாவது கிளறினாளா?

— புகையிலை டப்பா இருந்துச்சே, ஆர்ச்சி! அதைச் சொல்லலையே நீ. தம்பி, நாங்க போனப்ப அந்த டப்பா திறந்து கிடந்தது. இவ அதுக்குள்ள மூக்கை விட்டுக்கிட்டு அப்படியே படுத்திருந்தா. கத்தினேன், கை தட்டினேன், துணியால ஒண்ணு போட்டேன். எழுந்திருக்க மாட்டேங்குறா. இவர்தான் டப்பாவைப் பிடுங்கி...

— புகையிலையா? புகையிலை தின்னா ஆபத்தாச்சே!

— புகையிலை நான் விட்டு இருபது வருஷமாச்சு. டப்பாதான் புகையிலை டப்பா.

— அப்ப உள்ள என்ன?

— முடி.

— உடம்புல சுத்துற முடி? சாயம் போட்டதா? அதை மட்டுமாவது சொல்லுங்க. சாயம்னா நான் உடனே வாந்தி எடுக்க வைக்கணும்.

— சாயம் இல்ல. மழைத்தண்ணியில கழுவி நிழல்ல காய வச்சது. அதை அவ முழு டப்பா தின்னாலும் ஒரு கெடுதலும் வராது. இதை மட்டும் என் ஆத்தா மேல ஆணையா சொல்றேன்.

— எந்த மிருகம்?

— ஆர்ச்சி, சொல்லித் தொலை. நாப்பத்தியொரு வருஷமா கூட வாழ்ற எனக்கே சொல்லலை. சரி, நான் கேக்கலை. ஆனா இது வாயில்லாச் சீவன்.

— சீல்.

— சீலா?

— கடல்ல நீந்துற சீல் மிருகம். குட்டி. பிறந்து மூணு வாரத்துக்குள்ள எடுத்த முடி. ஓர்க்னித் தீவுல ஒருத்தன் கொடுத்தான். அவனும் செத்துட்டான். போதுமா? உங்கப்பன் சமாதியில போய்ச் சொல்லு, நல்லாத் தூங்கட்டும். இப்ப நாயைத் தூக்கு!

— தூக்குறேன். பத்து நிமிஷம். நீங்க இங்கயே இருங்க. ஐயா, தொப்பி... வேண்டாமா? சரி.

— போயிட்டான். தொப்பி தொப்பின்னு ஏன் உயிரை எடுக்கிறான்?

— மரியாதைக்குச் சொல்றார். வீட்டுக்குள்ள வந்தா எல்லாரும் கழட்டுவாங்க. நீதான் கல்யாணத்தன்னைக்கே பாதிரி மூணு தடவை சொல்லியும் கழட்டலை.

— குளிரா இருந்துச்சு.

— ஜூலை மாசம்.

— ...அவளுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?

— இப்ப கேக்குறே. அஞ்சு நிமிஷம் முன்னாடிவரைக்கும் உனக்கு ஈதான் பெருசு.

— ஈ பெருசுன்னா வாயைத் திறந்திருப்பேனா? ஒவ்வொண்ணா எண்ணி வச்சேன்ல அவன் கையில? நம்ம வீட்டு நாய்க்காக ஊர்ல எவன் இப்படிப் பண்ணுவான்?

— மெக்குக்குன்னா பண்ணுவே. இவளை நீ ஒரு நாள் தடவிக் கொடுத்து நான் பாத்ததில்ல. மெக்கை வாரா வாரம் மடியில போட்டுச் சீவினே. காது, காதுக்குப் பின்னால, மெத்து மெத்துன்னு. எனக்குக் கை ஒடிஞ்சு கட்டுப் போட்டிருந்தப்ப, என் தலையை ஒரு நாள் சீவி விடுன்னு கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டே.

— உன் தலை வேற.

— என்ன வேற?

— சிக்கு.

— கர்த்தாவே, இந்த மனுஷனோட நான் எப்படித்தான்... இரு, வர்றார். தம்பி, என்னாச்சு? முகத்தைப் பாத்தா ஒண்ணும் தெரியலையே. கண்ணாடி வேற வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன், இவர் போட்ட அவசரத்துல.

— நல்ல சேதிதான், அம்மா. வயிறு சுத்தம். முள் இல்ல. முள்ளோட துண்டுகூட இல்ல. மயில் இறகு ரெண்டு இழை தின்னிருப்பா, நாளைக்குத் தானா வந்திடும்.

— முள் இல்லையா? அப்படீன்னா பாதிரி எங்க?

— ஐயா, மூணாவது தடவையா கேக்கிறேன். தொப்பியைக் கழட்டுங்க.

— எதுக்குடா?

— கழட்டுங்க. திருப்புங்க. பின்பக்கம்.

— கிட்டக் கொண்டா, ஆர்ச்சி. என்ன அது பளபளன்னு... கர்த்தாவே! வெள்ளைப் பொட்டு ரெண்டு! தொப்பியிலயே குத்தி வச்சிருக்கான்! கஞ்சிக்கு வரும்போது காயட்டும்னு தொப்பியில குத்திட்டு வந்து, நாய் முழுங்கிடுச்சுன்னு ஊரைக் கூட்டியிருக்கான்!

— அம்பது வருஷமா தொப்பியிலதான் காய வைக்கிறேன். கை தானாப் போகுது. நான் என்ன பண்ண?... டேய். இரு. நீ இதை எப்பப் பாத்தே?

— நாயைத் தூக்கி மேஜையில வைக்கக் குனிஞ்சீங்கள்ல? அப்பவே.

— அப்பவேயா!

— ரெண்டு தடவை கழட்டச் சொன்னேன், ஐயா. என் தொப்பி எங்க இருக்கணும்னு நீ சொல்லாதேன்னீங்க.

— பாத்துட்டும் முள் என்ன அளவு, முடி எந்த மிருகம்னு...

— உள்ள இன்னொண்ணு போயிருக்கலாமேன்னு எக்ஸ்ரே எடுத்தது நிஜம். விஷம் இருக்கான்னு கேட்டதும் நிஜம். மத்தது... எங்கப்பாவுக்காக. கோவிச்சுக்காதீங்க. இன்னைக்குக் காசு வேண்டாம்.

— ஈனா, கேட்டியா? யாரையும் நம்பாதேன்னு சொன்னா, என்னைக் கிறுக்கன்னே. இவன் அப்பன் குப்பைத் தொட்டியோட நின்னான். இவன் என் வாய்க்குள்ளயே கையை விட்டுட்டான்!

— ஐயா, பதினோராம் தேதி பாலத்துக்கிட்ட பாப்போம். சீல் குட்டி முடி... அப்பா அதை நினைச்சே பாத்திருக்க மாட்டார். நீப்பி, போயிட்டு வா. அம்மா, சாப்பாடு மட்டும் கவனிங்க. வயித்துல கோளாறு இல்ல. வேற என்னமோ.

— நட, ஈனா. இங்க நின்னா என் பல்செட்டையும் கேப்பான்.

...

— மெதுவாப் போ. ரோடெல்லாம் கண்ணாடி மாதிரி உறைஞ்சு கிடக்கு.

— ம்.

— வாயைத் திறந்து ஏதாவது சொல்லு. போனது போச்சு. நாய் பிழைச்சுது, அது போதும்னு நினைச்சுக்கோ. இந்த வருஷம் கோப்பை மன்ரோ வீட்டுக்குப் போனா, வெங்காயத்தை நான் கூடையில போட்டுக்கிறேன்... ஏன் சிரிக்கிறே? ஆர்ச்சி! வெட்கமா இல்ல? எதுக்குச் சிரிப்பு?

— சீல் குட்டியாம்.

— என்ன?

— சீலை நான் வாழ்நாள்ல தொட்டதில்ல. ஓர்க்னித் தீவு எந்தப் பக்கம் இருக்குன்னே எனக்குத் தெரியாது. அவன் இனிமே அவங்கப்பன் மாதிரி காலம் பூரா சுத்தட்டும்!

— பாவி! நாய் உயிருக்குக் கேட்டார், நீ பொய்யா சொன்னே?

— ஆணை போட்டதுல பொய் இல்ல. அந்த முடி இவளுக்கு ஒண்ணும் பண்ணாது. பண்ணவே பண்ணாது. அது தெரிஞ்சுதான் பேரை மாத்திச் சொன்னேன். மத்ததெல்லாம் நிஜம். அதெல்லாம் எவன் வேணா கட்டலாம். முடி இல்லாம பாதிரி வெறும் இறகு. டப்பா பத்திரமா என் பையில இருக்கு, இன்னும் ஏழு வருஷத்துக்குத் தாங்கும். சிக்கனமாக் கட்டினா எட்டு.

— அப்ப அந்த டப்பாவுல என்னதான் வச்சிருக்கே? இப்பவாவது... ஏய், நீப்பி, பின்னாடி போ. பாரு, ஓட்டுறவன் கை மேல ஏறிக்கிட்டு. ஆர்ச்சி, மறுபடியும் உன் கோட்டுப் பைக்குள்ளதான் மூக்கை விடுறா. காலைலேருந்து இதே வேலையா இருக்கு... ஏன் வண்டியை நிறுத்திட்டே? டயரா? ஆர்ச்சி? என்னாச்சு உனக்கு?

— நவம்பர்லேருந்து சாப்பிடலைன்னுதானே சொன்னே? மெக் போனதும் நவம்பர்லதான்.

— ஆமா. அதுக்கென்ன இப்ப?

— டப்பாவை எடு. வலது பை. மூடியைத் திறந்து அவளுக்குக் கொடு.

— நாய்க்கா? உன் ஏழு வருஷப் பாதிரியையா? அப்புறம் என்னத்தைக் கட்டுவே?

— தொப்பியில இருக்கிற ஒண்ணு போதும். கொடு, ஈனா. அது மெக்கோட முடி. காதுக்குப் பின்னால சீவிச் சீவிச் சேத்தது. இவ ஈயைத் தேடி மேஜை மேல ஏறலை. அவ அம்மாவைத் தேடியிருக்கா.